லேபிளின் முகப்பக்கம்

லேபிள் ஒட்டுகிறவர்கள் லேபிளைப் பார்ப்பதில்லை. முகப்பக்கம் கீழே இருக்கும்படி பலகையில் கவிழ்த்துப் போட்டு, முதுகில் பசையை இழுத்து, நடுவில் பெட்டியை வைத்து, நாலு ஓரத்தையும் ஏற்றி மடித்து, உள்ளங்கையால் ஓர் அமுக்கு. பெட்டி பக்கத்து ஆளிடம் போய்விடும். நாள் முழுக்கக் கண்ணில் படுவது வெள்ளைத் தாள்தான். இன்றைக்கு ஒட்டியதில் ரோசாப்பூ போட்டிருந்ததா, பச்சைக் குழந்தை போட்டிருந்ததா என்று வீட்டில் யாராவது கேட்டால் யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

கருப்பம்மாள் அந்த அறைக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. அதற்கு முன் பட்டாசுக்கு மருந்து செலுத்துகிற அறையில் இருந்தாள். அங்கே அலுமினியப் பொடி தலைமுடி, இமை, கழுத்து என்று படிந்து ஆளையே வெள்ளிச் சிலையாக்கிவிடும். தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்துக் குளித்தாலும் காதுமடலுக்குப் பின்னால் மினுமினுப்பு போகாது. வைகாசியில், பக்கத்துக் காட்டில் இருந்த வேறொரு கம்பெனியில் ஓர் அறை வெடித்துத் தரைமட்டமானது. அது முடிந்து சில நாள் கழித்து, போர்மேன் பெத்தணன் தானாகவே வந்து, நாளையிலிருந்து ஒட்டுகிற ரூமுக்குப் போகச் சொன்னார். ஏன் என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் மனசை மாற்றிக்கொள்வாரோ என்ற பயம்.

ஆவணி பிறந்தும் வெயில் இறங்கவில்லை. எம். புதுப்பட்டிக்குக் கிழக்கே, சீமைக்கருவேலங் காட்டுக்குள், ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் கட்டிப்போட்டிருந்த சின்னச் சின்ன அறைகளுக்கு நடுவே சூடு நின்று கொதித்தது. தீபாவளி சீசன். புதிய லேபிள் கட்டு அந்த அறைக்குக் காலையில்தான் வந்து இறங்கியிருந்தது. புஸ்வாணப் பெட்டிக்கான லேபிள். அறையில் மைதாப் பசை வாடையும், பூச்சி அரிக்காமல் இருக்க அதில் கலந்த மயில்துத்த வாடையும் நிறைந்திருந்தன.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த வள்ளித்தாய்க்கு வாய் ஓயாது. கருப்பம்மாளின் மகள் மாரிசெல்விக்குக் கார்த்திகையில் கல்யாணம் என்று முடிவானதிலிருந்து அவளுக்குப் பேச்சுக்குப் பஞ்சமில்லை. மாப்பிள்ளை நல்லசிவம் சாத்தூர்க்காரன், விருதுநகரில் ஒரு பருப்பு குடோனில் கணக்கு எழுதுகிறான். சம்பந்தி வீட்டார் பெண் கேட்க வருவதற்கு முன்பே தெருத்தெருவாக விசாரித்தவர்கள். பிள்ளை எப்படி நடக்கும், யாரோடு பேசும் என்று பால்காரரிடம்கூடக் கேட்டார்களாம்.

"குடோன்ல இருக்கிற மாப்பிள்ளை. இனிமே மதினி வீட்டுல பருப்புக்குழம்புதான்" என்று வள்ளித்தாய் சொன்னாள். "எங்களை மாதிரி ரசத்துல பருப்பைத் தேடிக்கிட்டா இருக்கப் போறீக."

கருப்பம்மாள் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு தள்ளிய பெட்டி சறுக்கி, அவள் முழங்காலுக்குப் பக்கத்தில் மல்லாந்து விழுந்தது.

லேபிளில் ஒரு பெண் கையில் புஸ்வாணத்தை ஏந்திக்கொண்டு நின்றாள். சிவப்புச் சட்டை, தோளில் துணி இல்லை, முழங்காலுக்கு மேலே ஏறிய பாவாடை. எடுத்து நிமிர்த்தி வைக்கப்போன கருப்பம்மாளின் கை அப்படியே நின்றது. அந்தப் பெண்ணின் இடது புருவம் வால்பக்கத்தில் பிளந்திருந்தது. ஒரு நூலளவு இடத்தில் முடி இல்லை. தவழ்கிற வயசில் மாரிசெல்வி நிலைப்படியில் மோதி விழுந்த இடம். மஞ்சளை அரைத்து அப்பிய கை கருப்பம்மாளுடைய கை.

வள்ளித்தாய் எட்டிப் பார்த்தாள். "நம்ம மாரிசெல்வி சாடை இருக்குல்ல மதினி?"

"அவளுக்கு ஏது இம்புட்டு நெறம்" என்றாள் கருப்பம்மாள்.

"அதுஞ் சரிதான். இவ பாலுலயே முங்கி எந்திரிச்சவ மாதிரில்ல இருக்கா."

கருப்பம்மாள் அடுத்த லேபிளை எடுத்தாள். கை மட்டும் ஓடியது. கவிழ்த்துப் போடு, பசையை இழு, மடி, அமுக்கு. உள்ளங்கை அமுக்குகிற இடம் முகம் இருக்கிற இடம் என்று இப்போது அவளுக்குத் தெரியும். தெரிந்த பிறகு அந்த இடத்தைத் தவிர்த்து ஓரத்தில் அமுக்கிப் பார்த்தாள். லேபிள் பிடிக்காமல் நடுவில் காற்றுக் கொப்புளமாக எழும்பியது. பெத்தணன் வந்து, நல்லா அமுக்குக்கா, பிஞ்சு வருது என்று சொல்லிவிட்டுப் போனார். அமுக்கினாள். மத்தியானம் தூக்குவாளியில் இருந்த புளிச்சோற்றைத் திறக்கவில்லை. சாயங்காலம் கிளம்புகிறபோது ஒரு லேபிளை எடுத்து, மடித்து, சோற்றுக்கு மேல் வைத்து மூடிக்கொண்டாள்.

வீட்டில் மாரிசெல்வி கத்தரிக்காய்க் குழம்பு கூட்டி வைத்திருந்தாள். சிவகாசிக் காலேஜில் கம்ப்யூட்டர் படித்து முடித்தவள். அந்தத் தெருவில் காலேஜ் வாசலை மிதித்த முதல் பெண்பிள்ளை. மதுரையில் வேலை தேடி அவ்வப்போது திருத்தங்கல் பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் இருக்கும் பிரவுசிங் சென்டருக்குப் போய் வருவாள். கூடப் படித்த இசைவாணி அங்கேதான் வேலை பார்த்தாள். கல்யாணம் முடிவானதும் மாப்பிள்ளையின் அம்மா, வேலைக்கெல்லாம் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் அந்தப் போக்குவரத்தும் குறைந்திருந்தது.

கருப்பம்மாள் வாளியைத் திறந்து லேபிளை எடுத்து அடுப்பு மேட்டில் வைத்தாள். புளித்தண்ணீர் பட்டு ஒரு மூலை ஊறியிருந்தது.

"இது யாருன்னு பாரு."

மாரிசெல்வி பார்த்தாள். அவள் குனிந்து ஸ்டவ்வை அணைத்தாள்.

"நாந்தான்" என்றாள். பிறகு, "ஆனா நான் இல்லம்மா" என்றாள்.

"மூஞ்சி உன்னுது. உடம்பு யாருது?"

"தெரியலம்மா."

தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவள் தரையில் உட்கார்ந்தாள். அந்த முகத்தை எங்கிருந்து எடுத்தார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது. போன வருசம் ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலில், மஞ்சள் சேலையும் கையில் வேப்பிலையுமாக, நடந்து வந்த களைப்போடு நின்றபோது எடுத்த படம். கழுத்துக்குக் கீழே இருந்த மஞ்சள் சேலையைக் காணோம். வேப்பிலை இருந்த கையில் புஸ்வாணம்.

அவள் சொன்னதைக் கருப்பம்மாள் துண்டு துண்டாகத்தான் புரிந்துகொண்டாள். அந்தச் சீமையில் அம்மன் பேரால் நோட்டீஸ் அடித்து பஸ்ஸில் கொடுப்பது உண்டு. நேர்ச்சையாக அடித்துக் கொடுப்பார்கள். இதைப் படித்தவர் இத்தனை பேருக்கு அடித்துக் கொடுத்தால் நினைத்தது நடக்கும், கிழித்துப் போட்டவர் வீட்டில் இன்னது நடந்தது என்று எழுதியிருக்கும். அச்சாபீஸ் நிறைந்த ஊர் என்பதால் அடிப்பது சுலபம். வாங்கியவர்கள் கிழிக்கப் பயந்து சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைப்பார்கள். கருப்பம்மாள் வீட்டுச் சாமி படத்துக்குப் பின்னாலும் அப்படி ஒரு கத்தை உண்டு. அதே நோட்டீஸ் மெயிலில் வந்திருக்கிறது. விரதம் இருந்தவர்கள் தங்கள் விரதக் கோலப் படத்தைச் சேர்த்துப் பத்துப் பேருக்கு அனுப்ப வேண்டும். அனுப்பாமல் அழித்தால் வீட்டில் பலி விழும்.

"வேற நாளா இருந்தா அழிச்சிருப்பேம்மா" என்றாள் மாரிசெல்வி. "எங்களுக்குப் பாடத்துலயே இருந்துச்சு, இந்த மாதிரி வர்றதை யாருக்கும் அனுப்பக் கூடாதுன்னு. பரிச்சையில எழுதி மார்க்கு வாங்கியிருக்கேன்."

"பெறகு ஏன் அனுப்புனே?"

"அன்னைக்குத்தான் வெடிச்சது."

வைகாசியில் அந்த அறை வெடித்த சத்தம் திருத்தங்கல் வரைக்கும் கேட்டது. எந்தக் கம்பெனி என்று யாருக்கும் தெரியவில்லை. பிரவுசிங் சென்டரில் இருந்த பிள்ளைகள் வெளியே ஓடிவந்து கிழக்கே எழுந்த புகையைப் பார்த்தார்கள். அவள் திரும்பி வந்து உட்கார்ந்தபோது திரையில் அந்த மெயில் திறந்திருந்தது. இசைவாணி அனுப்பியது. பலி விழும் என்ற வரியை அவளால் தாண்ட முடியவில்லை. வேலைக்கு அனுப்புவதற்காக ஸ்கேன் செய்து வைத்த படங்களோடு இந்தப் படமும் இருந்தது. சேர்த்தாள். கீழே, கோயிலில் அர்ச்சனைக்குச் சொல்கிற மாதிரி, பேர், நட்சத்திரம், ஊர் மூன்றையும் எழுதினாள். எழுதாவிட்டால் அம்மனுக்கு யார் என்று தெரியாதே என்று அப்போது தோன்றியதாம்.

"என்ன வேண்டிக்கிட்டே?"

மாரிசெல்வி அம்மாவை நிமிர்ந்து பார்க்கவில்லை. "நீ மருந்து ரூமை விட்டு வரணும்னு."

கருப்பம்மாள் சுவரில் சாய்ந்தாள். அவள் வந்துவிட்டாள். ஒட்டுகிற அறைக்கு வந்துவிட்டாள். அங்கே உட்கார்ந்துதான் இதை ஒட்டினாள். ஓட்டுக்கு மேலே புளியமர இலைகள் உதிர்கிற சத்தம் கேட்கும் அளவுக்கு வீடு அடங்கிக் கிடந்தது.

முனியசாமி வந்தார். மாரிசெல்வியின் அப்பா. அதே கம்பெனியில் லோடு ஏற்றுகிறவர். தோளில் கிடந்த துண்டை எடுக்காமல் லேபிளை வாங்கி விளக்குப் பக்கமாகப் பிடித்துப் பார்த்தார்.

"எந்தப் பெட்டி?"

"புஸ்வாணம். நாங்க இன்னைக்குத்தான் ஆரம்பிச்சோம். மேலக்கோடி ரூம்ல முந்தியே ஆரம்பிச்சுட்டாக."

"நேத்து ஒரு லோடு ஏத்துனோம்" என்றார் அவர். "வடக்க போற லோடு."

பிறகு தோளில் இருந்த துண்டை எடுத்து, தட்டி, மறுபடி தோளிலேயே போட்டுக்கொண்டு வெளியே போய் உட்கார்ந்தார். சாப்பிடக் கூப்பிட்டதற்குப் பசியில்லை என்றார். அவர் தோளில் அட்டைப்பெட்டி அழுத்திச் சிவந்த கோடு எப்போதும் இருப்பதுதான். அன்றைக்கு அதை அவர் கையால் தடவிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் காலையில் தாயும் மகளும் திருத்தங்கலுக்கு பஸ் ஏறினார்கள். லேபிளின் அடியில் பொடி எழுத்தில் அச்சாபீஸ் பேர் இருந்தது. உள்ளே இயந்திரங்கள் ஓடுகிற ஓட்டத்தில் தரை அதிர்ந்தது. ஒரு மூலையில் பச்சை மையில் இலைகள் மட்டும் அச்சாகி வந்துகொண்டிருந்தன, பூவுக்கு இன்னும் நிறம் ஏறவில்லை. டிசைன் போடுகிறவர் பேர் புகழேந்தி என்றும், செருப்பைக் கழற்றிவிட்டு கண்ணாடி அறைக்குள் போக வேண்டும் என்றும் சொன்னார்கள்.

புகழேந்திக்கு முப்பது வயது இருக்கும். என்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டே திரும்பியவன் மாரிசெல்வியைப் பார்த்தான். பார்வை புருவத்துக்குப் போய் நின்றது. அவன் எழுந்துவிட்டான்.

"உக்காருங்கம்மா" என்றான். அவனால் உட்கார முடியவில்லை.

அவன் கெட்டவன் இல்லை. அதுதான் கருப்பம்மாளுக்குக் கஷ்டமாக இருந்தது. திட்டுவதற்கு வழிநெடுக பஸ்ஸில் சேர்த்து வைத்த பேச்சு ஒன்றும் வரவில்லை. அவன் மெல்லச் சொன்னான். ஆர்டர் வந்தால் அன்றைக்கே டிசைன் கேட்பார்கள். பெண்பிள்ளை முகம் வேண்டும். சினிமாக்காரி முகம் போட்டால் கேஸ் போடுவார்கள், அதனால் அது வேண்டாம். மெயிலிலும் நெட்டிலும் வருகிற படங்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, ஒன்றில் தலையும் ஒன்றில் உடம்பும் எடுத்து ஒட்டுவான்.

"யாருக்கும் தெரியாத மூஞ்சியா இருக்கணும்பாகம்மா. அப்படித்தான் எடுத்தேன்."

"எங்களுக்குத் தெரியுமே" என்றாள் கருப்பம்மாள்.

மாரிசெல்வி அந்த மெயிலைக் காட்டச் சொன்னாள். அவன் தயங்கித் தயங்கித் திறந்தான். மேலே முகவரிகளாகவே வந்தது. அவன் உருட்ட உருட்ட, ஓடுகிற தண்ணீர் மாதிரி முடியாமல் வந்துகொண்டிருந்தது. காலேஜ்கள், கம்பெனிகள், எந்த ஊரென்றே தெரியாத பேர்கள். பத்துப் பேருக்கு என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அவளுடைய முகவரி எங்கோ ஆழத்தில் கிடந்தது. அதன் கீழே மஞ்சள் சேலையில் அவள். படத்துக்குக் கீழே பேர், நட்சத்திரம், ஊர்.

"இங்கனதான எழுதியிருக்கு, எம். புதுப்பட்டின்னு" என்றாள் மாரிசெல்வி. குரல் உடைந்திருந்தது. "இங்கேருந்து கூப்பிடு தூரம். படிச்சிருந்தா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல அண்ணாச்சி?"

"கீழ படிக்கல தங்கச்சி. படத்தை மட்டும் எடுத்தேன்."

திரை இன்னும் கீழே போனது. அவளுக்கு முன்னாலும் பின்னாலும் அனுப்பிய பிள்ளைகள். மஞ்சள் சேலை, சிவப்புச் சேலை, தலையில் கரகம், கையில் தீச்சட்டி. ஒரு பிள்ளை சந்தனத்தை நெற்றி முழுக்க அப்பிக்கொண்டு வெட்கமாகச் சிரித்தது. முன்பல் ஒன்று பக்கத்துப் பல்லின்மேல் ஏறியிருந்தது. மாரிசெல்வி அதற்குக் கீழே இருந்த பேரையும் ஊரையும் வேண்டுதலையும் முணுமுணுப்பாகப் படித்தாள். அவளும் அம்மாவுக்காகத்தான் வேண்டியிருக்கிறாள் என்றாள். கருப்பம்மாள் அதைக் காதில் வாங்கவில்லை.

"எம்பிள்ளையதை அழிங்க தம்பி."

அழித்தான். டிசைன் வைத்திருந்த இடத்திலும், மெயிலிலும், தனியாகச் சேர்த்து வைத்திருந்த இடத்திலும் என்று ஒவ்வொன்றாகக் காட்டி அழித்தான். மாரிசெல்வி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்ககிட்ட இருந்து போயிருச்சு" என்றாள்.

"மத்தவுககிட்ட இருக்கிறதை நான் என்ன செய்யட்டும் தங்கச்சி" என்றான் அவன். "அந்தப் பேருக்கெல்லாம் எழுதிக் கேட்டுராதீக. நீங்க யாரு, எங்கன இருக்கீகன்னு அவங்களுக்கு நீங்களே சொன்ன மாதிரி ஆயிரும்."

அவள் கேட்கவில்லை. வெளியே வந்ததும் பிரவுசிங் சென்டருக்குப் போனாள். தான் அனுப்பிய பத்துப் பேருக்கும், திரையில் பார்த்து மனதில் நின்ற சில பேருக்கும் எழுதினாள். என் படத்தை அழித்துவிடுங்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள். இசைவாணி பக்கத்தில் நின்று அழுதாள். நானும் பத்துப் பேருக்குத்தான் அனுப்பினேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். இரண்டொரு நாளில் பதில் வந்தது. ஒருத்தி மன்னிப்புக் கேட்டிருந்தாள். ஒருவர் நீங்கள் யார் என்று கேட்டிருந்தார். இன்னொருவன், இதைவிட நல்ல படம் இருந்தால் அனுப்பச் சொல்லியிருந்தான், நம்பரும் கேட்டிருந்தான். மாரிசெல்வி பதில் எழுதாமல் மூடிவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் அவள் போகவில்லை.

அச்சாபீசிலிருந்து கருப்பம்மாள் நேராக சிவகாசிக்குப் போயிருந்தாள். பட்டாசுக் கம்பெனி முதலாளி சீனிவாசகத்தின் ஆபீஸ் அங்கேதான். இத்தனை வருசத்தில் அந்தப் படியை அவள் ஏறியதில்லை. சீனிவாசகம் உட்காரச் சொன்னார், மோர் கொடுக்கச் சொன்னார். லேபிளைக் கையில் வாங்கி, முகத்தைப் பார்த்து, பிறகு அவளைப் பார்த்தார்.

"உம்பிள்ளைன்னு நீ சொல்லித்தாம்மா எனக்கே தெரியுது" என்றார். "அனுப்புன லோடு பாட்னாவுக்குப் போய்க்கிட்டிருக்கு. அங்கன யாருக்கும்மா உம்பிள்ளையத் தெரியும்? தெரியாம இருக்கிறது உங்க வாயிலதான் இருக்கு."

அவர் சொன்னதில் கோபம் இல்லை. நிசமாகவே சமாதானப்படுத்தத்தான் பார்த்தார். கருப்பம்மாள் மோர் டம்ளரைத் தொடாமல் நின்றாள்.

"கார்த்தியல கல்யாணம் மொதலாளி. மாப்பிள்ளை வீடு சாத்தூரு. இந்தப் பக்கத்துக் கடைக்கும் பெட்டி வரும்ல. எம்பிள்ளை மூஞ்சியை மட்டும் எடுத்துருங்க. வேற எந்த மூஞ்சியை வேணும்னாலும் போட்டுக்கிடுங்க."

சீனிவாசகம் கொஞ்சம் யோசித்தார். பிறகு போனை எடுத்து அச்சாபீஸைப் பிடித்தார். "அந்தத் தலையை மட்டும் மாத்திக் குடு. மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும். நாளைக்குள்ள வேணும்." மிச்சமிருக்கிற லேபிளை வெட்டிப் போடவும் சொன்னார். கருப்பம்மாள் அவர் காலில் விழப் போனாள். அவர் பதறி நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

பஸ்ஸில் திரும்பி வருகையில் அவளுக்குத் தூக்கம் வந்தது. அத்தனை லேசாக இருந்தது.

மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்ல வேண்டாம் என்று கருப்பம்மாள் கெஞ்சினாள். வடக்கே போனது வடக்கேயே போகட்டும். மாரிசெல்வி ஒப்பவில்லை. நாளைக்கு வேறு யாரோ சொல்லி அவருக்குத் தெரிந்தால், நான் மறைச்ச மாதிரி ஆகும், நான் என்ன தப்புப் பண்ணினேன் என்று கேட்டாள்.

முகூர்த்தச் சேலை எடுப்பது பற்றிப் பேச ஞாயிற்றுக்கிழமை நல்லசிவம் வந்தான். காபி கொடுத்த கையோடு மாரிசெல்வி அந்த லேபிளையும் கொடுத்தாள். நடந்ததை நின்றுகொண்டே சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டிருந்தான். டம்ளரில் காபி ஏடு கட்டியது. கருப்பம்மாள் அடுக்களை மறைவில் நின்று அவன் முகத்தையே பார்த்தாள், ஒன்றும் தெரியவில்லை. முனியசாமி வாசலைப் பார்த்தபடி இருந்தார்.

"இது மெயில்ல வந்ததுன்னா, எங்க ஆபீஸ்லயும் வந்திருக்கும்" என்றான் நல்லசிவம் கடைசியில். "அங்கன வராத குப்பை இல்ல." பிறகு, "எங்க அம்மாவுக்குக் கண்ணு அவ்வளவாத் தெரியாது. இப்போதைக்கு நல்லதாப் போச்சு" என்றான்.

அதைச் சிரிப்பு என்று எடுத்துக்கொள்வதா என்று யாருக்கும் தெரியவில்லை. அவன் லேபிளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

"இங்கன கிடக்க வேண்டாம். நான் கிழிச்சுப் போட்டுக்கிடுதேன்."

ஆனால் கிழிக்காமல்தான் பஸ் ஏறினான். கல்யாணப் பேச்சு நிற்கவில்லை. சேலை எடுக்கிற நாளும் குறித்தார்கள். வாரத்துக்கு ஒருமுறை பக்கத்து வீட்டுக்குப் போன் செய்து மாரிசெல்வியைக் கூப்பிடச் சொல்பவன், இப்போது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கூப்பிட்டான். பேசினான். என்ன பேசினார் என்று கேட்டால், சாப்பிட்டியான்னு கேட்டாரும்மா என்பாள். மாரிசெல்வி கண்ணாடி பார்க்கிறபோது முகத்தைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பிக்கொண்டு, இடது புருவம் தெரியாத மாதிரி பார்க்கப் பழகினாள். மையெடுத்து அந்தப் பிளவை அடைக்கத் தொடங்கினாள். கருப்பம்மாள் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தாள்.

அதற்கெல்லாம் முன்பே, கருப்பம்மாள் முதலாளியைப் பார்த்த மறுநாளே, கம்பெனிக்குப் புது லேபிள் கட்டு வந்துவிட்டிருந்தது. அன்றைக்கு வானம் மேற்கே கறுத்துக் கிடந்தது. மின்னல் வெட்டினால் வேலையை நிறுத்திவிட்டு எல்லோரும் வெளியே போக வேண்டும், அதற்குள் ஒட்ட வேண்டியதை ஒட்டிவிட வேண்டும் என்று பெத்தணன் அவசரப்படுத்தினார். வள்ளித்தாய் கட்டைப் பிரித்து மேலே இருந்ததை எட்டிப் பார்த்தாள். அவளுக்கு அதற்குள் எல்லாம் தெரிந்திருந்தது, தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"வேற மூஞ்சி போட்டுட்டாக மதினி" என்று மட்டும் சொன்னாள்.

கருப்பம்மாளுக்கு மூச்சு வந்தது. பலகையைத் துடைத்தாள். பசையைக் கலக்கினாள். முதல் லேபிளை எடுத்துக் கவிழ்க்கப் போனவள், சரியாக மாற்றியிருக்கிறார்களா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம் என்று திருப்பினாள்.

அதே சிவப்புச் சட்டை. அதே கை, அதே புஸ்வாணம். அந்தக் கழுத்தின்மேல் ஒரு பிள்ளை வெட்கமாகச் சிரித்தது. முன்பல் ஒன்று பக்கத்துப் பல்லின்மேல் ஏறியிருந்தது. சந்தனத்தை அழித்திருந்தார்கள். முடி தொடங்குகிற இடத்தில் மட்டும், அழிக்க முடியாமல், கொஞ்சம் மஞ்சளாக இருந்தது.

என் பிள்ளையதை அழிங்க என்று சொன்னது அவள்தான். வேற எந்த மூஞ்சியை வேணும்னாலும் போட்டுக்கிடுங்க என்று சொன்னதும் அவள்தான். அச்சாபீசில் மாரிசெல்வி அந்தப் பேரையும் ஊரையும் முணுமுணுத்துப் படித்தாள். கோவில்பட்டிக்கு அந்தப் பக்கம் ஏதோ ஓர் ஊர். கருப்பம்மாள் நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள். ஒரு எழுத்துக்கூட வரவில்லை. அந்த ஊரில் இதைப்போல ஒரு அறையில் உட்கார்ந்து, தீப்பெட்டியோ பட்டாசோ ஒட்டிக்கொண்டு ஒருத்தி இருப்பாள்.

"என்னக்கா, கை நின்னுபோச்சு?" என்றார் பெத்தணன் வாசலில் இருந்து.

"பசை காஞ்சிருச்சு" என்றாள்.

பசை அப்போதுதான் ஊற்றியது. ஆவி பறந்துகொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

கருப்பம்மாள் லேபிளைக் கவிழ்த்தாள். பசையை இழுத்தாள். மடித்தாள். உள்ளங்கை நடுவில் போய் நின்றது, பிறகு அமுக்கியது. அடுத்த லேபிளை எடுத்தாள். கவிழ்ப்பதற்கு முன் திருப்பி அந்த முகத்தைப் பார்த்தாள். அதற்கடுத்ததையும் பார்த்தாள். வள்ளித்தாயின் பக்கம் பெட்டிகள் ஏறிக்கொண்டே போயின. கருப்பம்மாளின் பக்கம் பெட்டிகள் மெதுவாகத்தான் ஏறின. மதினி, இப்படிப் பார்த்துப் பார்த்து ஒட்டினா நாளைக்குக்கூட முடியாது என்றாள் வள்ளித்தாய். கருப்பம்மாளுக்கு அது கேட்டது. ஆனாலும் ஒவ்வொன்றையும் திருப்பினாள். மேற்கே இன்னும் மின்னவில்லை.